வாழைக்குக் கட்டிய தாலி

வாழை மரத்துக்கு அவன் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

மணமகள் அறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் இதைப் பார்க்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை பார்த்திருக்க மாட்டாள்.

மண்டபத்தின் பின்பக்கம், கிணற்றடியில் ஆளுயர வாழை. இன்னும் குலை தள்ளவில்லை. அப்படிப்பட்டதுதான் வேண்டும் என்று அய்யர் கேட்டிருந்தார். சிவப்புப் பட்டுத் துணி சுற்றி, பூச்சரம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

மூன்று முடிச்சும் விழுந்தன. நாலு பேர் அட்சதை போட்டார்கள். மேளம் இல்லை.

அவனுடைய முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போனாள்.

இரண்டாவது மனைவி தூக்கத்திலேயே போய்விட்டாள். ராத்திரி படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லையாம். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லையாம். பெண் கேட்டு வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். எல்லாம் ஜாதகக் கோளாறு, தங்கமான பிள்ளை, அவன் என்ன செய்வான்?

மூன்றாம் தாரமும் தங்காது என்பார்கள். அதனால் மூன்றாவதாக ஒரு வாழையைக் கட்டிவைத்து, அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். வருகிற சாவு வாழையோடு போய்விடும். அப்புறம் கழுத்தை நீட்டுகிறவள் நாலாவது. அவளுக்கு ஆயுசு கெட்டி.

எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. பெண்டாட்டி எப்படிச் செத்தாள் என்று கேட்பதைவிட வாழையை வெட்டுவது சுலபம்தான்.

ஜன்னலில் நிற்பவளுக்கு முப்பத்தாறு வயது. பதினாலு வருஷமாக வந்து கேசரி பஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் எத்தனையோ பேர். சொல்லி அனுப்பியவர்கள் இவர்கள்தான். அன்றைக்கு அப்பா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அய்யர் அரிவாளை எடுத்துக் கொடுத்தார்.

ஒரே வெட்டில் வாழை சாய்ந்தது.

அவன் நிறுத்தவில்லை. கீழே கிடந்ததைக் குனிந்து இன்னொரு வெட்டு வெட்டினான். மறுபடியும் ஒன்று. அய்யர் போதும் போதும் என்றார். நாலாவது வெட்டுக்குப் பிறகுதான் அவனுக்குக் காது கேட்டது.

பெண்டாட்டி செத்தால் குளிக்க வேண்டும். இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். துவட்டிக்கொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையாக உள்ளே போனான்.

பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று கோமுவும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இரண்டாவது மனைவியின் மகள். ஐந்து வயது. விடிந்ததிலிருந்து புது அம்மாவின் சேலையைப் பிடித்தபடியே திரிகிறாள்.

"வாழ கத்தவே இல்ல," என்றாள் கோமு. "எங்கம்மா கத்துனால்லா. அப்பா தலாணிய வச்சு அமுக்குனாவ. பொறவுதான் கத்தல."

பின்னால் நின்று மணமகளின் சடைக்குக் குஞ்சலம் கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பயந்தாள். செத்துப்போய்விடுவோம் என்ற பயம், வேறொன்றுமில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கேட்டுவிட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அம்மா வாயைத் திறப்பாள் என்று அவள் காத்திருந்தாள். வா, வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்வாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்பாள். கொஞ்ச நேரம் நிஜமாகவே நம்பினாள்.

அம்மா குஞ்சலத்தைக் கட்டி முடித்தாள்.

பிறகு கோமுவை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டு, பந்தியில் ஜாங்கிரி வைக்கிறார்கள், போய்ச் சாப்பிடு என்றாள். குழந்தை புது அம்மாவின் சேலையை விடவில்லை.

கூடத்தில் நாகஸ்வரம் தொடங்கியது. பெண்ணை அழைத்து வரச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள்.

அம்மா அவள் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றினாள். காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, நீ சூதானமா இருந்துக்கோ."

முதுகில் அம்மாவின் கை பதிந்தது. மெல்லத் தள்ளியது.

அவள் நடந்தாள். பின்னாலேயே கோமுவும் வந்தாள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. இடைவெளியில் மணமேடையும், அதில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறவனும் தெரிந்தார்கள். அவன் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கதவை அடைத்து, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.