முகமில்லாத அட்டை

அட்டையில் முகம் இருந்தால் உள்ளே பாட்டு இருக்காது. உலக இசை வரலாறு மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

போன வருடம் வசந்தகுமார் இதைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிளெக்ஸ் கடையில் வைத்து அறிவித்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மணிமேகலை, ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன்களின் தலைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். உலக இசை வரலாற்றை அவள் மறுக்கவில்லை.

அவன் வந்தது, தன் ராக் பேண்டின் முதல் சிடிக்கு அட்டை அடிக்க. பேண்டின் பெயர் செம்புறாங்கல். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் தட்டுப்படுகிற கல்.

ஆகவே, முன்பக்கம் கல். பின்பக்கம், அதே கல்லின் பின்பக்கம்.

பேண்டின் பெயரும் பாட்டுகளின் பெயர்களும் உள்மடிப்பில், துரு நிறத்தின் மேல் துரு நிறத்தில். கண்டுபிடிக்கிறவன் ரசிகன்.

பேனர்களில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பற்றியும் அவனிடம் ஆராய்ச்சி இருந்தது. "ஊர்ல அத்தன பேருக்கும் போட்டோ எடுக்கிறப்பதான் கால் வருமா? அந்தப் பக்கம் யாருதாங்க பேசுறது?"

பக்கத்தில் நின்ற சத்யபிரியா சிரித்தாள். செம்புறாங்கல்லின் குரல் அவள்தான். கீரனூரிலிருந்து பஸ் ஏறி வந்து பாடிவிட்டுப் போவாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"உள்பக்கமாவது என் போட்டோ ஒண்ணு போடுடா. பாட்டுப் பாடப் போறேன்னா, எங்கிட்டோ ஊர் சுத்துறேன்னு அப்பா நெனைக்கிறாரு. கையில குடுத்தா நம்ம புள்ளதான்னு தெரியணும்ல?"

அதற்கு வசந்தகுமார் சொன்ன பதிலில் 'சமரசம்' என்ற சொல் பலமுறை வந்தது.

சிடி வந்தது. சத்யபிரியாவின் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எந்தப் பெட்டியும் இல்லை. அவள் அப்பா கண்ணுசாமி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"டைல்ஸு நல்லாருக்கு. எந்தக் கடைம்மா?"

அடுத்த நாள் ஒத்திகையில் அவள் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான். அட்டை ஜெயித்துவிட்டது என்றான் வசந்தகுமார்.

அதற்கப்புறம் அவள் ஒத்திகைக்கு வருவது குறைந்தது. பஸ் கிடைக்கவில்லை என்றாள். நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற திருச்சி ரோட்டில் இருக்கிற ஊருக்கு.

இன்று அதே கடை. அதே பிளாஸ்டிக் நாற்காலி.

"மூஞ்சி போடணும்ங்க," என்றான். "பெருசா."

மணிமேகலை திரும்பிப் பார்த்தாள். "கல்லு என்னாச்சு?"

அவன் விஷயத்தைச் சொல்லிப் பென்டிரைவை நீட்டினான். 'அட்டைக்கு' என்று பெயரிட்டிருந்த போல்டரை அவள் திறந்தாள்.

திருமயம் கோட்டை மேல் காற்றில் முடியைப் பிடித்துக்கொண்டு சத்யபிரியா. மைக் முன்னால் கண்மூடி சத்யபிரியா. கொசு அடிக்கிற சத்யபிரியா. வாய் நிறைய பரோட்டாவோடு, எடுக்காதே என்று கையை நீட்டுகிற சத்யபிரியா. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் டிரம்ஸ் வாசிக்கிற அருள்தாஸின் முழங்கை.

"ஒங்க பேண்டுல மத்தவங்கள்லாம் லீவா?"

அவன் மைக் படத்தைக் காட்டினான்.

"கண்ணு மூடியிருக்கு. விசேஷத்துக்கு ஆகாதுங்க."

அவளே தேடி இன்னொன்றை எடுத்தாள். அதில் சத்யபிரியா, படம் எடுப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மணிமேகலை அந்த முகத்தை வெட்டி, பெரிதாக்கி, இடதுபக்கம் வைத்தாள்.

வலதுபக்கம் காலியாக இருந்தது.

"மாப்ள போட்டோ?"

வசந்தகுமார் தன் போனிலிருந்து அனுப்பினான். சத்யபிரியா நேற்று அனுப்பியதுதான். சிங்கப்பூரில் வேலை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத முகம். படத்துக்குக் கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இதுலயாவது என் மூஞ்சியப் போடுடா.'

இப்போது அவள் மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் நேராக இவனைப் பார்த்தது.

"பொண்ணு பேருக்குக் கீழ என்ன போட? பி.காமா?"

"பாடகி."

"நான் படிப்பக் கேட்டேங்க."

"பாடகின்னே போடுங்க. அவங்க அப்பா கண்ணாடி இல்லாம படிக்கிற சைஸுல."

மணிமேகலை எழுத்தைப் பெரிதாக்கினாள். அவன் போதும் என்று சொல்லவில்லை. அவளாகத்தான் நிறுத்தினாள்.

"கீழ வாழ்த்துறவங்க போட்டோ?"

"வேணாம். செம்புறாங்கல்னு மட்டும் போடுங்க."

"மண்டப வாசல்ல வைக்கிறது. கல்லு யாவாரிங்க வச்சதுன்னுல்ல நெனைப்பாங்க?"

அவன் எழுந்து, கடையின் வெள்ளைச் சுவரில் முதுகு படும்படி நின்றான். கையாலேயே தலையைச் சீவிக்கொண்டான்.

மணிமேகலை தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். எடுக்காமல் இறக்கினாள்.

"கல்யாணத்துக்குங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க."

இருந்து பார்த்தான். வரவில்லை.

பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல, முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டான்.