பின் டயருக்குக் கல்

"மேட்டுல நிப்பாட்டுனா மொதல்ல ஹேண்ட் பிரேக் போடணும். அப்பறம் கியர்ல விட்டுட்டு, எறங்கிப்போயி பின் டயருக்குக் கல்லு வைக்கணும்," என்றார் வேன் ஓட்டப் பழக்கும் வடிவேல் மாஸ்டர்.

லோஜினிக்கு அது தெரியும். போன வருஷம் கொட்டகலை ஏற்றத்தில் இதே வேனுக்கு டயர் மாற்றும்போது அவள் கணவர் நிரோஷன் கல் கேட்டார். அவள் தேடி எடுத்து வருவதற்குள் வேன் உருண்டு அவர் மேல் ஏறிவிட்டது. அங்கேயே இறந்துபோனார்.

இப்போது, வேனுக்குள் வைத்திருந்த கல்லோடு இறங்கினாள். பின் டயரை ஒட்டி ஏற்கெனவே ஒரு கல் இருந்தது.

மறுநாள் வேறு ஏற்றத்தில் நிறுத்தினாள். அங்கேயும் இருந்தது. மூன்றாம் நாள் நல்ல மழை. ரோடு முழுக்க நனைந்து கிடந்தது. அந்தக் கல் மட்டும் காய்ந்திருந்தது.

"யாரும்மா வச்சது?" என்றார் மாஸ்டர்.

லோஜினி டயருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"கைய எடுத்துக்கங்க. நான் கொண்டாந்துட்டேன்," என்று நிரோஷனிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்லி, தன் கல்லை வைத்தாள்.

நாலாம் நாள் பின் டயருக்கு எதுவும் இல்லை. வேனைச் சுற்றிவந்து நான்கு டயர்களையும் பார்த்தாள்.

"கல்லு கையிலதானே இருக்கு, வைங்கம்மா," என்றார் மாஸ்டர்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.