நாக்குக்கு அடியில் ஒன்று

மதுரை காளவாசல் சிக்னலில் பவுன்தாய் ஓட்டிய ஆம்புலன்ஸ் பத்து நிமிடமாகக் கத்தியும் முன்னால் ஒரு கார்கூட அசையவில்லை. உள்ளே சுருளியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"தாயி, இந்த நைட்ரோகிளிசரின் மாத்திரையக் குடுக்கவா?" என்று அழுதாள் அவர் மனைவி ஒச்சம்மா.

"நாக்குக்கு அடியில ஒண்ணு வைங்கக்கா. இன்னொண்ண எங்கிட்ட குடுங்க."

பவுன்தாய் அதைப் பொடித்து, ஜன்னல் வழியே பக்கத்துச் சிக்னல் கம்பத்தில் வெடிகுண்டை மோப்பம் பிடிக்க வைத்திருந்த கருவிமேல் ஊதினாள். பாறையைப் பிளக்கும் வெடிமருந்தும் நெஞ்சுவலி மாத்திரையும் ஒரே சரக்குதான். கருவிக்கு அளவெல்லாம் தெரியாது, வாசனைதான் தெரியும்.

"வெடிகுண்டு! விலகுங்கள்!" என்று கம்பம் அலறியது. கார்களெல்லாம் தாமாகவே ஓரம்கட்டின. சாலையைக் காலி செய்ய, பெரியாஸ்பத்திரி வரைக்கும் பச்சை விளக்கு எரிந்தது. பவுன்தாய் சைரனை அணைத்துவிட்டு வண்டியை விரட்டினாள்.

"நம்ம மேல கேசு போட்ருவாய்ங்களே, தாயி!"

"போடட்டும்க்கா. கோர்ட்டுக்கு அண்ணனே நடந்து வந்து சாட்சி சொல்லுவாரு."