நூல் கோர்த்துக் கொடுத்தவள்

பார்வையாளர் நேரத்துக்கான மணி அடித்ததும் வடிவம்மா கையை நீட்டினாள். ஆஸிகா மடியிலிருந்த போர்வையை ஊசியும் நூலுமாக அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பத்து நாளாக இப்படித்தான். பார்த்தவர்கள், இவர்கள் இரண்டு பேரும் ஒரே நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள் என்றே நினைத்தார்கள்.

ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளே பாயிஸ் கண்மூடிக் கிடந்தான். ஆஸிகா கணவனின் காலடியில் நின்று பார்த்துவிட்டு, நேரம் முடிந்ததும் வெளியே வந்தாள்.

“கண்ணத் தொறந்தாராம்மா?”

“இல்ல.”

வடிவம்மா பெருமூச்சு விட்டாள். ஆஸிகாவுக்கு அதுகூட வரவில்லை. போர்வையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பாயிஸின் மோட்டார் சைக்கிளில் ஒரு வேன் மோதிய நாளிலிருந்து அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. பொலிஸ், டாக்டர், வழக்கு எல்லாவற்றையும் அவளுடைய அண்ணன் அம்ஜத் பார்த்துக்கொண்டார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். யார் மோதினான், எப்படி மோதினான் என்று அவள் கேட்கவே இல்லை.

துண்டுத் துணிகளை வெட்டிப் பொருத்திப் போர்வை தைப்பது அவளுடைய பொழுதுபோக்கு. பகல் சமையல் முடிந்தால் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். போன மாதம்தான் தெல்தெனியவில் இருக்கும் மைத்துனியின் குழந்தைக்கு நட்சத்திரம் வைத்த ஒன்றை முடித்துக் கொடுத்திருந்தாள். அதற்கு முன் வீட்டு ஹோல் கதிரைகளுக்கு ஆறு குஷன் உறை.

“முழுசா ஈக்கிற துணிய வெட்டிப்போட்டு, திருப்பி ஏன் ஒட்டுற?” என்று பாயிஸ் சிரிப்பான். மறுநாளே, தான் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து வெட்டுத்துணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைப்பான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாள், கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால், பாதியில் கிடந்த இந்தப் போர்வையை எடுத்துவந்தாள். ஊசிக் காதில் நூல் நுழையவில்லை. நாலைந்து தடவை முயன்றாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் ஊசியை வாங்கி, நூல் முனையை நாக்கில் நனைத்துக் கோர்த்துக் கொடுத்தாள்.

அவள்தான் வடிவம்மா. அன்றிலிருந்து பிளேன்டீ வாங்கிவருவதும், துண்டுகளை நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பதும், ரெண்டு வாய் சாப்பிடும்மா என்று கெஞ்சுவதும் அவள்தான்.

“உங்கட ஆள் எந்த வார்ட்ல ஈக்கிறார்?” என்று ஒரு நாள் ஆஸிகா கேட்டாள்.

“எனக்குன்னு மகன் ஒருத்தன்தாம்மா. பல்லேகலையில இருக்கான்.” வடிவம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

அங்குள்ள கார்மண்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை போலும் என்று ஆஸிகா நினைத்துக்கொண்டாள். அப்படியானால் இவள் யாருக்காக இங்கே வந்து இருக்கிறாள்? மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு தடவை ஊசி பெருவிரலில் ஏறிவிட்டது. வெள்ளைத் துண்டில் ரத்தம் ஊறுவதை யாருடையதோ போல ஆஸிகா பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாதான் பதறிப்போய்ச் சேலைத் தலைப்பால் அமுக்கிப் பிடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, மணி அடிக்கும் முன்பே தாதி வெளியே வந்து ஆஸிகாவைக் கூப்பிட்டாள். வடிவம்மாவின் முகம் வெளிறிப்போனது.

உள்ளே பாயிஸின் கண்கள் திறந்திருந்தன.

“இன்டைக்கி என்ன கெழம?” குரல் காற்றாக வந்தது.

“வெள்ளி.”

“தனியவா இருந்த?”

“இல்ல. ஒரு அம்மா முழு நாளும் என்னோட இருந்தாங்க.”

“கூட்டிட்டு வா. பாப்பம்.”

இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸிகா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

“கதைக்கிறார்,” என்றாள்.

வடிவம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸிகாவின் கண் அப்போதும் நனையவில்லை. தன் அழுகையையும் சேர்த்து இவளே அழுகிறாள் என்று பட்டது.

“எழும்புங்க. அவர் உங்கள பாக்கணுமாம். டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன்.”

கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கதவுக்கு இரண்டடி முன்னால் வடிவம்மா நின்றுவிட்டாள்.

“வேணாம்மா. நீங்க போங்க.”

“ஏன்? என்ட உம்மா உசிரோட ஹயாத்தா இருந்தாலும் இந்தளவுக்கு என்னோட இருந்தீக்க மாட்டாங்க. வாங்க.”

வடிவம்மா கையை விடுவித்துக்கொண்டாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“மொத நாளே சொல்லத்தாம்மா வந்தேன். உங்க மொகத்தப் பாத்ததும் நாக்கு எழும்பல. அவரு பொழைக்கட்டும், பொறகு சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

“என்னத்த?”

“பல்லேகலை ஜெயில்ல இருக்கிற என் மகன்தாம்மா அவர இடிச்ச வேன ஓட்டினது.”