சமையல்கட்டுக் கல்யாணம்

"தீர்ப்பு வர இன்னும் ஒரு வாரம் இருக்கு ஹொனோரா. அதுக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் யூலிக்.

ஹொனோரா அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் ஒரு போடு போட்டாள். "என் நல்லது மேல பெரியத்தானுக்கு என்ன திடீர் அக்கறை!"

1862ஆம் வருஷம், அயர்லாந்தின் மேற்கே, பரம்பரை ப்ராட்டஸ்டன்ட் பிரபுக்களின் கில்ராஸ்கன் மாளிகை. கிழட்டுப் பிரபு செத்து எட்டு மாதமாகியிருந்தது. மூத்த மகன் யூலிக்தான் அடுத்த பிரபு என்று ஊர் முழுக்கத் தொப்பியைக் கழற்றி வணங்கியது, ஒருத்தியைத் தவிர. அவள் இளையவன் டொமினிக்கின் மனைவி ஹொனோரா.

மாமனாருக்கும் மாமியாருக்கும் இரண்டு தடவை கல்யாணம் நடந்ததை அவள் எப்படியோ தோண்டி எடுத்துவிட்டாள். முதல் தடவை, மாமியார் வீட்டுச் சமையல்கட்டில் அவசர அவசரமாக. மூன்று வருஷம் கழித்து மறுபடி ஒரு தடவை, ப்ராட்டஸ்டன்ட் கோயிலில், அதன் பாதிரியாரான ரெக்டர் முன்னிலையில். யூலிக் பிறந்தது இரண்டுக்கும் நடுவில். முதல் கல்யாணம் செல்லாது என்று லண்டன் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டால் யூலிக் முறையாகப் பிறந்த பிள்ளை இல்லை. பட்டம் டொமினிக்குக்கு. அவனுக்குப் பிறகு அவள் மகன் ரெட்மண்டுக்கு.

சமையல்கட்டில் நடந்தது எப்படிச் செல்லும் என்பதுதான் ஹொனோராவின் வாதம். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ, அதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எனக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? நாப்பத்தாறு வயசாச்சு" என்றார் யூலிக். "எனக்கப்புறம் பட்டம் தானா ரெட்மண்டுகிட்ட வந்து சேரும். ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்."

"நாளைக்கே எவளாவது வந்து வாய்ச்சு, வருஷத்துக்கு ஒண்ணா பெத்துப் போட்டா? என் பிள்ளை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு எழுதித் தர்றேன், போதுமா?"

"ஆம்பளை வார்த்தை!" என்று சிரித்தாள் அவள்.

"அண்ணன் இவ்வளவு தூரம் சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தான் டொமினிக்.

"நீங்க சும்மா இருங்க. கையெழுத்துப் போட்டதோட உங்க வேலை முடிஞ்சுது."

அது உண்மைதான். எதில் கையெழுத்துப் போட்டோம் என்றுகூட அவன் படித்துப் பார்க்கவில்லை. குனிந்து காலடியில் கிடந்த நாயைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தான்.

யூலிக் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்தார். "ஒரு நிமிஷம் தனியா வா. காரணத்தைச் சொல்றேன். ரெண்டு கடுதாசி எழுதினேன், ரெண்டையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டே."

"எதுவானாலும் இங்கேயே சொல்லுங்க. பிரிஜெட்டும் கேக்கட்டும்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வேலைக்காரி பிரிஜெட், கேட்பதற்குத் தயாராகவே நின்றாள். யூலிக் அவளைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா! சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா பூச்சாண்டி" என்றாள் ஹொனோரா.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சொட்டச் சொட்ட நனைந்தபடி வக்கீல் ஹெம்ஃபில் உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெயிச்சாச்சு! ஒரு வாரம் முன்னாடியே தீர்ப்பு சொல்லிட்டாங்க. முதல் கல்யாணம் செல்லாது. டொமினிக் ஐயா, இன்னிலேர்ந்து கில்ராஸ்கன் பிரபு நீங்கதான்."

டொமினிக் அண்ணனைப் பார்த்து, "மன்னிச்சுக்கோண்ணே" என்றான். ஹொனோரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இந்த வீட்டுப் படி ஏறின நாள்லேர்ந்து வெண்ணெய்க்காரன் பொண்ணு, வெண்ணெய்க்காரன் பொண்ணுன்னே கேட்டுக்கிட்டு வந்தேன். என் பையனை இனிமே எவனாவது வெண்ணெய்க்காரன் பேரன்னு கூப்பிடட்டும், பாக்கறேன்!"

அவள் வந்த புதிதில் மேஜைக்கு மேஜை அப்படித்தான் பேசினார்கள். அதில் அவள் மிகைப்படுத்த ஒன்றுமில்லை.

வக்கீல் மேஜையில் இடம் ஒதுக்கி ஒரு தாளை விரித்தார். "கையோட அடுத்த வாரிசையும் பதிஞ்சு அனுப்பிடலாம். ரெட்மண்ட். வயசு நாலு. தாய் தகப்பன் கல்யாணத்தைப் பண்ணி வச்ச ரெக்டர் யாரு?"

"ரெக்டரா? நாங்க என்ன சமையல்கட்டுலயா கல்யாணம் பண்ணிக்கிட்டோம்!" ஹொனோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்க ஊர்க் கத்தோலிக்கக் கோயில்ல, முந்நூறு பேர் முன்னாடி நடந்துது. என் சொந்தத் தாய்மாமா ஃபாதர் மாலக்கியே பண்ணி வச்சார். பெரியத்தான்தான் மாப்பிள்ளைத் தோழன். வேணும்னா அவரையே கேளுங்க."

வக்கீல் யூலிக்கைப் பார்த்தார். யூலிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதுங்க சார், ஏன் நிறுத்திட்டீங்க?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, உங்க மாமனார் கல்யாணம் செல்லாமப் போனதுக்குக் காரணம் சமையல்கட்டு இல்ல. மாப்பிள்ளை ப்ராட்டஸ்டன்ட், பண்ணி வச்சவர் கத்தோலிக்கப் பாதிரியார். அப்படிப்பட்ட கல்யாணத்தை மூவாயிரம் பேர் பாத்திருந்தாலும், சட்டப்படி அது கல்யாணமே இல்ல."