இன்னொரு லொஜி

“இன்னொரு லொஜி வந்திருக்காரு, வழி விடுங்க” என்றாள் நாகலெட்சுமி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வழியை அடைத்து நின்றபடியே.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஒரு வாரமாகக் கொட்டிய மழை அன்றுதான் விட்டிருந்தது. மண்சரிவு பார்க்க நுவரெலியாவிலிருந்து வந்த அதிகாரி திலக்ஷன், ஜியோலொஜி படித்தவன். பாதை உடைந்து கிடந்ததால் பாதித் தூரம் நடந்தே வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் தோட்டத்தை நடத்தும் துரை தரையைப் பார்த்தபடி நின்றார்.

நாகலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலும் இப்படித்தான் வந்தார்கள். மண் நகருது என்று சொல்லிச் சனத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இன்றுவரை வீடும் இல்லை, காணியும் இல்லை.

“அக்கா, நான் சொல்ல வந்தது…”

“நாங்க சொல்றத மொதல்ல கேளுங்க தம்பி.”

சோசியோலொஜி என்று வந்த ஜெர்மன்காரி ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எழுதிப்போனதைச் சொன்னாள். அந்த்ரோபோலொஜி என்று வந்த பிரெஞ்சுக்காரர் காமன் கூத்தைப் படம் பிடித்துப்போனதையும் சொன்னாள்.

“ஐரோப்பா பூரா படிப்புப் பேருக்கெல்லாம் இந்த லொஜிங்கிற வால்தானாம். கிரேக்க நாட்டுலருந்து வந்துச்சாம். பேச்சுன்னு அர்த்தம்னு அந்த ஜெர்மன்காரம்மாவே சொல்லுச்சு. சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க. வந்த லொஜி எல்லாம் பேசிட்டுப் போயிருச்சு. எங்களுக்கு ஒரு பேர்ச் காணி வரல.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். துரை இருமினார்.

“மொதல்ல காணி உறுதிப் பத்திரத்தக் கையில குடுங்க, அப்பறம் எந்திரிக்கிறோம். அதுவரைக்கும் மலையே எறங்கி வந்தாலும் இந்தக் காம்பராவ விட்டு நாங்க நகர மாட்டோம்.”

அவள் மூச்சு வாங்கும்வரை திலக்ஷன் பொறுத்திருந்தான்.

“நீங்க நகரவே வேணாம் அக்கா. லயம் நிக்கிறது பாறை மேல, அது அசையாது. வெடிப்பு விழுந்திருக்கிறது எதிர் மேட்டுல இருக்குற துரையோட பங்களாவுல. அதத்தான் இருட்டுறதுக்குள்ள காலி பண்ணணும்.”

துரை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ரோட்டுல வண்டி வராது, எங்கம்மாவுக்கு நடக்க ஏலாது. ஒங்க லயத்துல ஒரு காம்பரா கெடைக்குமா, நாகலெட்சுமி?”