கஸ்பார் வீட்டு பியூஸ்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக கஸ்பார் வீட்டில் பியூஸ் போயிருந்தது.

வழக்கம்போல ஆள் விட்டிருந்தார். வயர்மேன் ஜம்புலிங்கம் அக்கரையில் உள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து போட் ஏறி, கஸ்பார் இருக்கும் லம்பா லைன் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. மீன் தொட்டியில் குமிழியே இல்லை. நான்கு மீன்களில் ஒன்று மல்லாந்து மிதந்தது. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

எல்லாம் கஸ்பாரின் மனைவி ரீத்தா வளர்த்த கடல் மீன்கள். அவள் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது.

ஜம்புலிங்கம் புது பியூஸ் கம்பி சுற்றினான். விளக்கைப் போட்டான், எரிந்தது. மெட்ராஸ் கப்பலில் வந்த, தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரைச் செருகினான். பட்டென்று மறுபடி பியூஸ் போயிற்று.

பிளக்கைக் கழற்றினால் உள்ளே உப்பு ஈரம். தொட்டித் தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து இறங்கியிருக்கிறது.

போன இரண்டு வாரமும் இதே கதைதான். இரண்டு தடவையும் அவன் ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு, ஆணியில் சணலால் கட்டிவிட்டுப் போனான். அப்படித் தொங்கினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

இன்று ஒயர் தொங்கவில்லை. சணல் அறுந்திருக்கவும் இல்லை. அவிழ்த்த சணலை அழகாகச் சுருட்டி அதே ஆணியில் மாட்டியிருந்தது.

காற்று முடிச்சை அவிழ்க்கும். சுருட்டி மாட்டுமா?

திரும்பினான். மேஜையில் போன வாரங்களைப் போலவே இரண்டு தட்டு, சோறு, மூடி வைத்த குழம்பு. கஸ்பார் செத்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து இல்லாம மீனுங்க ரெண்டு மணி நேரம் தாங்கும்னு நெனச்சேன், தம்பி. இன்னைக்கு போட் லேட்டாயிட்டு."

ஜம்புலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தான். வாரம் முழுக்க ஆபீஸில் இந்தி பேசி அலுத்த வாய் அது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் புறப்பட்டது ஏனென்றும் அவனுக்கே தெரியும். அழுகை வரும்போல இருந்தது.

பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, மறுபடி பியூஸ் கம்பி சுற்றினான். ஒயரைத் தொங்கவிட்டு, யாராலும் அவிழ்க்க முடியாதபடி நாலு முடிச்சு போட்டான். தொட்டியில் குமிழி வந்தது.

இருவரும் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

கஸ்பார் பார்த்தார். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.